இருக்கட்டும், அடங்கட்டும்

"சத்தமாச்சும்" என்பது வரைக்கும் தெளிவாகக் காதில் விழுந்தது. அதற்கடுத்து அப்பா சொன்னது 'இருக்கட்டும்' என்றா, 'அடங்கட்டும்' என்றா என்பதுதான் தாமோதரனுக்குப் பிடிபடவில்லை. காலையில் காரை போர்டிகோவிலிருந்து பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா சொன்னார். பல்செட் இன்னும் டம்ளர் தண்ணீரில் கிடந்தது. எஞ்சின் வேறு அப்போதுதான் தூக்கம் கலைந்த மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. பல் இல்லாத வாயிலிருந்து வரும்போது சொல்லின் முன்பாதி உதட்டிலேயே தங்கிவிடுகிறது, 'ட்டும்' மட்டும் வெளியே வந்து விழுகிறது. சத்தமாச்சும் இருக்கட்டும்: ஆள்தான் போய்விட்டான், சத்தமாவது மிஞ்சட்டும். சத்தமாச்சும் அடங்கட்டும்: அவன் அடங்கிவிட்டான், இது மட்டும் எதற்கு, இதுவும் அடங்கித் தொலையட்டும். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இரண்டையும் சொல்லக்கூடிய மனிதர்தான் அவர். கண்ணாடியை இறக்கி, என்னங்கப்பா சொன்னீங்க என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். எதற்கு ஆட்டினோம் என்று தெரியாமல் ஆட்டின தலை. இப்போது அந்தத் தலையைச் சுமந்துகொண்டு கணபதி ஏரியாவில் மோசஸின் ஒர்க்‌ஷாப்பில், டயர்களை அடுக்கி மேலே பலகை போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எதிரே கிருபாகரனின் நீலக் கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. தம்பி கார். தம்பியின் கார் என்று சொல்ல இன்னும் வாய் வருகிறது, தம்பி இருந்தான் என்று சொல்லத்தான் வருவதில்லை. பின்சீட்டில் கார் கம்பெனியே மாட்டிக் கொடுத்த பழைய கறுப்பு ஏர் ஃபில்டர் டப்பா, பெட்ஷீட்டில் சுற்றி, வளைவுகளில் உருளாமல் இருக்க சீட் பெல்ட் மாட்டி உட்காரவைத்திருந்தது. கிருபா அதைப் பரணில் பத்திரமாக வைத்திருந்தான், ஸ்க்ரூக்களை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு. விக்கறப்ப மாட்டிக்கலாமுண்ணா, வாங்கறவன் நம்மளாட்டம் கிறுக்கனா இருப்பான்னு சொல்ல முடியுமா என்பான்.

அந்த டப்பாவை மறுபடி மாட்டுவதா, கிருபா மாட்டின கூம்பு ஃபில்டரையே விட்டுவைப்பதா. இவ்வளவுதான் கேள்வி. கேட்டது கிருபாவின் மனைவி யமுனா, நேற்றுச் சாயங்காலம், சமையலறை வாசலில் நின்று. "மாமா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே. கார்ல அந்த உஸ்ஸுங்கற சத்தம் வராம பண்ண முடியுங்களா?" ஏம்மா என்று கேட்டான். கேட்டிருக்கக்கூடாது. "ஸ்பீட் பிரேக்கர்கிட்ட அது கேட்டதும் கை தானா கேஸைப் பத்த வெச்சுருதுங்க மாமா. தோசைக்கல்லு காஞ்சு பொகைய ஆரம்பிச்சதுக்கப்புறந்தான்..." அப்புறந்தான் என்பதோடு நிறுத்திவிட்டாள். ஹாலில் அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தது தெரிந்தது. யமுனா கல்லூரிப் பேப்பர்களைத் திருத்த உட்கார்ந்தாள், அப்பா டிவியைக் கூட்டினார், அவன் பரணில் ஏறினான். மோசஸ் இப்போது பானட்டுக்குள் தலையை விட்டபடியே பேசிக்கொண்டிருந்தான். "ஏனுங்ணா, இதைக் கழட்டோணுமா? வேண்டாமுங்ணா. பத்து குதிரைசக்தி கூடுதலா இழுக்குதுங்க. நானே பவர் அளக்கற ரோலர் மேல ஏத்திப் பாத்தனே." ரோலர் மேல ஏற்றும்போது பானட்டைத் திறந்துவைத்து முன்னால் ஆளுயரக் காற்றாடியை ஓடவிடுவீர்கள், மோசஸ், அப்படி விட்டால் என் மூக்கிலிருந்துகூட இரண்டு குதிரை வரும் என்று சொல்ல நினைத்தான். இதை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொல்லியாகிவிட்டது, இவனிடம் அல்ல.

இருபது வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் அவனுக்கு அதுதான் பிழைப்பு: எஞ்சினுக்குள் காற்று எப்படிப் போகவேண்டும் என்று கணக்குப் போடுவது. ஊரில் கேட்பவர்களுக்கு அப்பா, பெரியவன் காத்து வேலை பாக்கறான் என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கிருபா போன் பண்ணுவான், நலம் விசாரிப்பு இரண்டு வாக்கியம், அப்புறம் நேராக இன்டேக், எஞ்சின் காற்றை இழுக்கிற வழி. இத்தனை வருஷத்தில் வேறு எதையாவது பேசியிருக்கிறோமா? அம்மா இறந்தபோது பேசினோம். தாமோதரனின் கல்யாணம் வெளிநாட்டில் முறிந்தபோது கிருபா போன் பண்ணி, கொஞ்சநேரம் மூச்சு மட்டும் விட்டுவிட்டு, சரிண்ணா, எண்ணெய் போட்ட ஃபில்டர் நல்லதா, காய்ஞ்சது நல்லதா, அதைச் சொல்லு என்றான். அன்றைக்கு ஒரு மணி நேரம் எண்ணெய் போட்ட ஃபில்டரைப் பற்றிப் பேசினார்கள். போனை வைத்த பிறகு தாமோதரன் ரொம்ப நாளைக்கப்புறம் சாப்பிட்டான். தாமோதரன் சொல்வது எப்போதும் இதுதான்: கம்பெனிக்காரன் முட்டாள் இல்லடா, அவன் டப்பாவே முன் கிரில்லிலிருந்து வெளிக்காற்றைத்தான் இழுக்குது, நீ அதைத் தூக்கிப்போட்டுட்டு எஞ்சின் சூட்டுக்குள்ள ஒரு கூம்பைத் தொங்கவிடறே, அதுக்குப் பேரு குளிர்காத்து இன்டேக். டர்போ காத்தை எவ்வளவு அழுத்தி உள்ள தள்ளணும்னு கார் கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது, நீ வாசலை அகலமாத் தொறந்துவெச்சாலும் உள்ள விடறது அதுதான். கூடினால் ரெண்டு குதிரை. அதற்குக் கிருபா, "ரெண்டுன்னாலும் நம்ம வீட்டுக் குதிரைதானுண்ணா." அந்த ரெண்டும் லட்சுமி மில் சிக்னல்ல நிக்கறப்ப சூட்டுல ஓடிப்போயிரும்டா, கூடவே பழைய குதிரை மூணையும் கூட்டிட்டு. "ஓடுட்டும். பச்சை விழுந்தா திரும்பி வந்துரும், நம்மூரு குதிரை." எண்ணெய் போட்ட ஃபில்டர் வாங்கினால் அந்த எண்ணெய் போய் காற்றை அளக்கிற சென்சாரில் படியும் என்றும் தாமோதரன் சொல்லியிருந்தான். சற்றுமுன் மோசஸ் அதைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான், மெல்லிய கம்பியில் பிசுபிசுவென்று பழுப்பாய் ஒரு படலம். பார்த்தியாடா என்று நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். துள்ளின வேகத்திலேயே அது விழ இடமில்லாமல் நின்றது. பார்த்தியா என்று யாரிடம் சொல்வது? எல்லாம் அவன் சொன்னபடியே இருந்தது. ஒன்றில்கூட அவன் தப்பில்லை. ஷட்டில் கோர்ட்டில் காலை ஆட்டத்தில் பந்தை எடுக்கக் குனிந்த கிருபா நிமிரவில்லை, நாற்பத்திரண்டு வயது, டாக்டர் மாரடைப்பு என்றார், ரத்தக்குழாய் சிறுத்திருந்தது என்றார், வாசல் குறுகிவிட்டது என்று கையால் வேறு காட்டினார். அந்தக் கையை இப்போது நினைக்கவேண்டாம்.

மோசஸ் சென்சாரை ஸ்பிரே அடித்துக் காயவைத்துவிட்டு, "சொல்லுங்ணா, நீங்க படிச்சவிய, இது வொர்த்துங்களா வொர்த் இல்லீங்களா, ஒரே வார்த்தை" என்றான். வொர்த். இந்த வார்த்தைக்குத் தமிழில் ஆள் கிடைப்பதில்லை. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்து, அப்புறம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்தவனுக்கு இப்படித்தான், ஒரு சொல் அங்கே நிற்கும், அதன் ஜோடி இங்கே வராது. பிரயோஜனம் என்றால் வேறு, அது பயன். தகுமா என்றால் அது நியாயத்தைக் கேட்கிறது. பெறுமா? சல்லி பெறாது என்கிறோமே, அந்தப் பெறும். ஒரு பொருள் எதைப் பெறும், யார் கையிலிருந்து பெறும். கிருபா போனில் வொர்த்தாண்ணா என்றுதான் கேட்பான், தாமோதரன் குதிரைக் கணக்கில் பதில் சொல்வான், ஒருதடவைகூட அந்தப் பதிலால் கிருபாவுக்குக் கேள்வி தீர்ந்துபோகவில்லை, அடுத்த ஞாயிறு மறுபடி வொர்த்தாண்ணா. தீரக்கூடாது என்றுதான் கேட்டானோ. "நீ வந்து வெளிய நின்னு கேக்கோணும்ணா. உள்ள ஒக்காந்து கேட்டா அது பாதிதான்" என்பான் கிருபா. லீவில் வந்தபோதெல்லாம் விமான நிலையத்துக்கே இதே காரில் வந்து, பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சட்டென்று விடுவான், உஸ்ஸ்ஸ் என்று டர்போ மூச்சைக் கக்கும், கிருபா அண்ணன் பக்கம் திரும்பி இரண்டு புருவத்தையும் தூக்குவான், தாமோதரன், சத்தம் கூடினா வேகம் கூடினதா மனசுக்குப் படும்டா, அவ்வளவுதான் என்பான். வெளியே நின்று கேட்டதே இல்லை. தம்பி போன பிறகு ஊரோடு வந்து சேர்ந்ததிலிருந்து காரை ஓட்டுகிறவனும் தாமோதரன்தானே. தினம் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் ஸ்பீட் பிரேக்கரில் காலை எடுக்கிறான், உஸ்ஸ், பிறகு திருப்பம், அங்கே பள்ளிக்கூடத்துச் சுவர் மறைக்கிறது, அப்புறம் வீட்டு கேட். சுவரைத் தாண்டிக் கார் தெரிகிறபோது அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருப்பார். எப்போதும் பாதிதான். முழுதாக எழுந்ததையும் பார்த்ததில்லை, உட்கார்ந்தே இருந்ததையும் பார்த்ததில்லை. அந்த நேரத்துக்கு நாற்காலி கேட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும், காலையில் அது அப்படி இருப்பதில்லை. அவருக்கு மறதி எதுவும் கிடையாது. யார் போய்விட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். கடைசிப் பால் ஊற்றியதிலிருந்து எலும்பு பொறுக்குகிற வரைக்கும் எல்லாம் அவர்தான் முன்னால் நின்று செய்தார். தெரிந்தே உட்கார்கிறார். சுவர் மறைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உள்ளே யமுனாவின் கை கேஸைப் பற்றவைக்கிறது. ஒரே சத்தம், ஒரே சுவர். ஒருத்தருக்கு அது வேண்டும், ஒருத்திக்கு வேண்டாம். இல்லை, அப்பாவுக்கு வேண்டும் என்று யார் சொன்னது? அடங்கட்டும் என்று சொல்லியிருந்தால்? மருமகள் படுவதைப் பார்த்து, தனக்கு வேண்டாம், அடங்கட்டும் என்று அவர் சொல்லியிருந்தால், அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு ஆகியிருக்கும், அதைப் போய் எஞ்சின் சத்தத்தில் தொலைத்துவிட்டோமே. இருக்கட்டும் என்றிருந்தால் அது கெஞ்சல். அவர் யாரிடமும் எதையும் கெஞ்சினதில்லை. கெஞ்சலையும் கேட்காமல் விட்டாயிற்று.

கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தான். எடுத்த பிறகுதான் என்னவென்று கேட்பது என்று தெரியவில்லை. அப்பா, இருக்கட்டுமா அடங்கட்டுமா? அதற்குள் நம்பர் போட்டாயிற்று, மறுமுனையில் மணி அடித்தது, அப்பா எடுத்தார். "ஏனப்பா தாமு, வண்டி வழில நின்னுருச்சா?" பல் மாட்டியாகிவிட்டது, ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று வந்தது. நிற்கவில்லை, மோசஸிடம்தான் இருக்கிறேன் என்றான். காலையில் கிளம்பும்போது ஏதோ சொன்னீர்களே, சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. "நானா? நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலயே." சொன்னீங்கப்பா, சத்தத்தைப் பத்தி. "காலைல வாய்ல பல்லே இல்ல, நான் எங்க சத்தத்தைப் பத்திச் சொல்றது. வரும்போது பன்னு வாங்கிட்டு வா, யமுனா காப்பிக்குத் தொட்டுக்குவா. மோசஸைக் கேட்டதாச் சொல்லு." வைத்துவிட்டார். வைப்பதற்கு முன்னால், வைக்கலாமா வேண்டாமா என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மூச்சு கேட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதிலும் எழுத்து இல்லை. "அப்பா உங்களைக் கேட்டாரு மோசஸ்" என்றான். மோசஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்பாரு நல்லாருக்காருங்ளா? கிருபாண்ணன் இங்க கூட்டிட்டு வருவாப்டி, அப்பாரு அந்தா அந்த ஸ்டூல்ல ஒக்காந்துட்டு, மோசஸு, இவனுக்கு முன்னாடியே உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கே, அந்த புத்திமதியச் சொல்லி இவனை வீட்டுக்கு அனுப்புப்பான்னு சொல்வாரு" என்று சிரித்தான். சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாதோ என்று பார்த்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று தகரக் கூரையைத் தட்டிவிட்டுப் போனது. குளிர்ந்த காற்று, எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக. கிருபா இருந்தால், இந்தா, உன் டப்பாவுக்குள்ள போகுமாண்ணா இது என்று கேட்டிருப்பான். போகும்டா, அதே காற்றுதான் போகும், எத்தனை தடவை சொல்வது.

"சென்சார் சரியாப் படிக்குதான்னு ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்தர்றனுங்ணா. வந்து நீங்க சொல்றதை மாட்டிக்கலாம்." மோசஸ் சென்சாரை மறுபடி பொருத்தி, பானட்டைச் சாத்திவிட்டு, பின்சீட்டு டப்பாவைத் தூக்கி டயர் பெஞ்சில் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போனான். பெட்ஷீட் அவிழ்ந்து டப்பாவின் ஒரு மூலை தெரிந்தது. டப்பாவை மாட்டினால் வாதத்தில் ஜெயித்த மாதிரி ஆகும். எதிராளி இல்லாத ஜெயம். மாட்டாவிட்டால் அது தம்பியிடம் தோற்க வேண்டும் என்கிற ஆசை, அது யமுனாவின் கையைச் சுட்டுத் தீர்த்துக்கொள்கிற ஆசை. மாட்டுவதுதான் சரி. சரிதான். சரியாக இருப்பதில் இந்தப் பிழைப்பு முழுக்கப் போய்விட்டது. பன்னை நினைத்துக்கொண்டான், எந்தக் கடையில் வாங்குவது, ஜாம் வைத்ததா, சாதாரணமா, யமுனா நேற்று காப்பியை அப்படியே வைத்துவிட்டாளே, கல்லூரியில் அவளுக்கு இந்த வருஷம் எந்த வகுப்பு, கேட்டதே இல்லையே, அப்போது தெருமுனைக்கு அந்தப் பக்கம், டீக்கடைச் சுவருக்குப் பின்னால், எங்கேயோ ஒரு ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னால், உஸ்ஸ்ஸ் என்று கேட்டது. அவன் எழுந்துவிட்டான். எழுந்தது பிறகுதான் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, டேய் என்று பாதி வந்துவிட்டிருந்தது. உடம்பு முழுவதும், விரல் நுனி வரைக்கும், வந்துட்டான் என்றது. நினைக்கவே இல்லை, நினைப்பதற்கு முன்னால் இருக்கிற ஏதோ ஒன்று சொன்னது, இதோ வந்துட்டான், ரெண்டு புருவத்தையும் தூக்கிக்கொண்டு, சென்சார் விஷயத்தை முதலில் சொல்லவேண்டும். சுவரைத் தாண்டி நீலம் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மோசஸ். தாமோதரனின் கை பெஞ்சைத் தேடியது, டப்பாவின் மூலையில் பட்டது. எட்டு மாதமாகத் தினம் சாயங்காலம் இந்தச் சத்தத்தைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் போட்டுவிட்டு, இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு, என்னம்மா காப்பி இருக்கா என்று கேட்டிருக்கிறோம். கிருபாவின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது கேட்பதில்லை. உள்ள ஒக்காந்து கேட்டா பாதிதான் என்றானே. அந்த மற்றப் பாதி இது.

"தூள் கெளப்புதுங்ணா" என்றபடி இறங்கிய மோசஸ் அவன் முகத்தைப் பார்த்து, "என்னாச்சுங்ணா, பிரஷரா? தண்ணி கொண்டாரட்டுமா?" என்றான். வேண்டாம் என்றான். அப்புறம், தன் வாய்தானா என்று தெரியாமல், "இன்னொரு ரவுண்டு போய்ட்டு வர்றீங்களா மோசஸ்" என்றான். "சரியாத்தான் படிக்குதுங்ணா, மீட்டர்ல பாத்துட்டனே." "அதுக்கில்ல. சும்மா ஒரு தடவை." மோசஸ் அவனையும் காரையும் பார்த்தான், டப்பாவையும் ஒருதடவை பார்த்தான். பிறகு ஏறிக்கொண்டான். தாமோதரன் கேட் ஓரத்துக்குப் போய், அப்பா உட்காருகிற ஸ்டூல் என்று மோசஸ் காட்டினதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இந்தத் தடவை தெரியும். யார் ஓட்டுகிறார்கள், எந்தச் சுவர், எப்போது வரும், எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு காத்திருந்தான். சைக்கிளில் கீரைக்காரர் போனார், பள்ளி வேன் ஒன்று போனது, காற்று கொஞ்சம் மண்ணைத் தூக்கி அவன் செருப்பில் போட்டது. காத்திருப்பதே நன்றாக இருந்தது. வரப்போகிறவன் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான், உலகத்தில் வேறு குறை இல்லை. உஸ்ஸ்ஸ். தெரிந்திருந்தும் உடம்பு அப்படியேதான் எழுந்தது, பாதி. ஆனால் இந்தத் தடவை சத்தம் எதிர்பாராமல் வந்து வெட்டவில்லை. சுவர் மறைத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் முழுவதும் அவனுக்குத் தம்பி இருந்தான். காத்திருந்தவனுக்கு அது கிடைக்கிறது. டப்பாவுக்குப் பக்கத்தில் பன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைத்தான் அது வெட்டியது, அடுப்பைப் பார்த்து நிற்கிறவளைத்தான் அது வெட்டும். நீலம் தெரிந்தது. மோசஸ் தெரிந்தான். முதல் தடவை வலித்த இடத்தில் இப்போதும் வலித்தது, குறையவில்லை, ஆனால் மறுபடி ஒருதடவை போய் வரச் சொல்லலாமா என்றும் இருந்தது. அப்பா என்ன சொன்னார் என்பது அதற்கப்புறமும் பிடிபடவில்லை.

மோசஸ் இறங்கிவந்து சாவியை நீட்டினான். "சொல்லுங்ணா, எதை மாட்டறது?" தாமோதரன் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. எதையும் கழற்ற வேண்டாம், கார் இனி வீட்டுக்கு வரவேண்டாம், இருக்கிறபடியே இங்கே பின்னால் ஷெட்டில் நிற்கட்டும் என்றான். வீட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், அன்றைக்கு மோசஸ் ஒரு ரவுண்டு போய்வர வேண்டும் என்றும், கேட் ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்டுவைக்கும்படியும் சொன்னான்.